அவர் உடம்புக்குள் என் கிட்னி

நவம்பர் 11, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துணியெல்லாம் ஹாலில், கொடி கட்டி, ஃபேனுக்குக் கீழே. மாட வீதிப் பக்கம் தண்ணீர் நிற்கிறதாம். பாங்குக்கு லீவு சொல்லிவிட்டு ரகுவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வழக்கமாகப் போவதுதான். போகும்போது பயம் ஒன்றும் இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு இந்த டைரியைத் தொடவே இல்லை. விட்ட இடத்துக்காகச் சுருக்கமாக: ஆடியில் என் இடது கிட்னியை எடுத்து ரகுவுக்கு வைத்தார்கள். முதுகுப் பக்கம் இல்லை, முன்னால், அடிவயிற்றில் வலப்பக்கம். தொட்டால் கைக்குத் தெரியும். அவர் அதற்கு 'மேடம்' என்று பேர் வைத்திருக்கிறார். காலையில் பாத்ரூமிலிருந்து வந்து, "மேடம் டூட்டிக்கு வந்தாச்சு" என்பார். என் தழும்பு இன்னும் மழைக்கு இழுக்கிறது. மற்றபடி இருவரும் சௌக்கியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாங்க வேண்டியவை: மாஸ்க். கை கழுவும் சோப்பு. உளுந்து (கடை மாவு அவருக்குக் கூடாது, வீட்டிலேயே அரைக்கணும்). பல்பு.

சாயங்காலம் ரிசல்ட் போனில் வந்தது. கிரியேட்டினின், கிட்னி வடிகட்டாமல் விடும் கழிவு, 1.2 இருந்தது, இப்போது 1.9. மூன்று தடவை பெயரைச் சரிபார்த்தேன். வேறு யாரோ ரகுராமனுடையதாக இருக்கக் கூடாதா என்று.

"மேடம் இன்னிக்கு ஸ்ட்ரைக் போல. பாங்க் ஆளு கிட்னி ஆச்சே" என்றார்.

சிரித்தேன். அடுக்களைக்குப் போய் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 12, புதன்

தூறல். அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் வயிற்றில் கை வைத்துக்கொண்டார், நானும் என் கையை அதன் மேல் வைத்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், வவுத்து வலியா? மெதுவா போறேன், பயப்படாத" என்றார். நல்ல மனிதர்.

டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். இன்னும் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பாங்கில் லோன் இல்லை என்று சொல்லப் போகும்போது எங்கள் மானேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதே துடைப்பு.

"மாத்திரை ஏதாவது விட்டீங்களா?"

"ஒரு வேளைகூட இல்லை மேடம்" என்றேன் நான். அலாரம் வைத்து நான்தானே கொடுக்கிறேன்.

"வேற ஏதாவது? நாட்டு மருந்து, லேகியம், பவுடர்?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரகு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"அக்கா கொஞ்சம் கஷாயம் குடுத்தா" என்றார். "சீந்தில் கொடி. உடம்பு தேறட்டும், எதிர்ப்பு சக்தி ஏறட்டும்னு."

"எவ்வளவு நாளா?"

"வசந்தி வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்து. தினம் ஒரு டம்ளர். ரொம்பக் கசப்பு மேடம். அதனாலேயே நல்லதுன்னு நினைச்சேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நிதானமாகச் சொன்னார். "உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியைத்தான் நாங்க மாத்திரை குடுத்து அடக்கி வச்சிருக்கோம். வாட்ச்மேனுக்குத் தூக்க மாத்திரை மாதிரி. முழிச்சிக்கிட்டா, புதுசா வந்த கிட்னியைத் திருடன்னு நினைச்சு அடிப்பான். நீங்க தினம் காலைல அவனை எழுப்பி விட்டிருக்கீங்க. இதனாலதான் ஏறிச்சுன்னு நான் அடிச்சு சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம். கிட்னியிலேருந்து சதை எடுத்துப் பாத்தாதான் தெரியும்."

இன்றே சேர்த்துக்கொண்டார்கள். சதை எடுக்கும் ஊசி நாளைக்கு.

லிஃப்டில் அவர், "கோவமா?" என்றார். கோபம் இல்லை. பயம். பயத்துக்கு வேறு முகம் போடத் தெரியாததால் உம்மென்று இருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். அவருடைய துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்ததை யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. கதவைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சரோஜா அக்கா. ரகுவின் அக்கா, மந்தைவெளியில் தனி ஃப்ளாட், தம்பியென்றால் உயிர். நான் பாங்குக்குக் கிளம்பியதும் வந்து அவருக்குத் துணையிருப்பார். கையில் ஃப்ளாஸ்க். இத்தனை நாளும் அதில் ரசம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"இதுல என்னக்கா?"

முகம் மாறியது. "அவனே சொல்லிட்டானா? சீந்தில்தான்மா. மொட்டை மாடில நானே வளத்தது. ஒரு பூச்சி மருந்து அடிச்சதில்ல. கொரோனா நேரத்துல எங்க ஃப்ளாட் பூரா இதைத்தான் குடிச்சோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. உனக்கு இங்கிலீஷ் மருந்துதான் நம்பிக்கை, அதான் சொல்லல."

ஃப்ளாஸ்க்கை வாங்கி சிங்க்கில் கவிழ்த்தேன். பச்சை வாசனை. விஷயத்தைச் சொன்னேன். ஒழுங்காகச் சொன்னேனா, கத்தினேனா, ஞாபகம் இல்லை.

"என் தம்பிக்கு நான் கெடுதல் பண்ணுவேனா வசந்தி?"

"தெரியாம பண்ணினாலும் கிட்னிக்கு ஒண்ணுதான். இனிமே நீங்க அவர் பக்கத்துல வராதீங்க."

அக்கா படியிறங்கிப் போனார். முழங்கால் வலி உள்ளவர், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து. நான் கூப்பிடவில்லை.

மத்தியானம் ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்து, வயிற்றின் வழியாக. நான் வெளியே. அவருக்குக் குத்தும்போது எனக்கு ஏதாவது தெரியுமா என்று கவனித்தேன். பைத்தியக்காரத்தனம். ஒன்றும் தெரியவில்லை. அது இப்போது என்னுடையது இல்லை. அவருடையதும் இல்லையாம், அதுதானே பிரச்சினை.

காத்திருக்கும்போது போனில் படித்தது: வெள்ளை அணுக்கள் எலும்புக்குள் பிறக்கின்றன. அவற்றில் ஒரு வகை, மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு சின்னச் சுரப்பியில் பள்ளிக்கூடம் படிக்கிறது. சொந்த உடம்பையே தாக்கும் குணம் தெரிந்தால் அங்கேயே அழித்துவிடுவார்களாம். பெரும்பாலானவை ஃபெயில். தேறியவை உடம்பெல்லாம் சுற்றி, ஒவ்வொரு செல்லையும் தடவி, மேலே நம்ம வீட்டு அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் ஆள் கூப்பிடும். எப்போதோ சின்ன வயதில் வந்த அம்மையைக்கூடக் கிழவனாகும்வரை ஞாபகம் வைத்திருக்கும்.

எவ்வளவு அழகான ஏற்பாடு. ரகு இத்தனை வருடம் உயிரோடு இருப்பது அதனால்தான். அதுதான் இப்போது என் கிட்னியைப் பிய்க்கிறது. இவ்வளவு வருடம் ஒரே படுக்கை, ஒரே சோப்பு, அவர் எச்சில் காபியை நான் குடித்திருக்கிறேன். அவர் ரத்தத்துக்கு நான் யாரென்று தெரியவில்லை. இதற்குப் போய் அழக் கூடாது. அழுதேன்.

நவம்பர் 14, வெள்ளி

வெயில். ரிப்போர்ட் வந்துவிட்டது. காவல் கிட்னிக்குள் புகுந்திருக்கிறது. டாக்டரம்மா, "ரிஜெக்‌ஷன்தான். ஆனா ஆரம்பம். பிடிச்சுடலாம்னு நினைக்கிறேன்" என்றார். 'நினைக்கிறேன்' என்ற சொல் நாள் முழுக்கக் காதில். கிரியேட்டினின் 2.6.

காவலை அடக்க ஸ்டீராய்ட் டிரிப், தினம் ஒன்று, மூன்று நாள். முதலாவது இன்று. ரகு முகம் சிவந்து, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். கிரிக்கெட், மெட்ரோ வேலை, பக்கத்து பெட்காரரின் மருமகன். பயந்தால் அவருக்குப் பேச்சு வரும், எனக்கு நிற்கும். அதனால் குடும்பம் ஓடுகிறது.

வீட்டுக்குக் குளிக்க வந்தபோது செல்வி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் கதையைச் சொன்னேன், யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"சரிக்கா. வாட்ச்மேன அட்ச்சி தூங்க வெச்சிட்டாங்கோ. அப்பால நெஜத் திருடன் வந்தா இன்னா பண்றது?"

இதுவரை ஒரு பக்கம்தான் பயந்துகொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, நா எதுனா தப்பா கேட்டுட்டேனா?"

"இல்லடி. டீ போடு."

அக்காவிடமிருந்து போன் இல்லை. நல்லதுதான். ரகு மட்டும் ரகசியமாக, "அக்கா சாப்பிட்டாளான்னு கேளேன்" என்றார். கேட்கவில்லை.

நவம்பர் 15, சனி

மேகமூட்டம். இரண்டாவது டிரிப். கி. 2.6தான். ஏறவில்லை என்று சந்தோஷப்படுவதா, இறங்கவில்லை என்று பயப்படுவதா. பயந்தேன், பழக்கமாகிவிட்டது.

ஒரு வாரத்துக்கு மிகவும் ஜாக்கிரதை என்றார் டாக்டரம்மா. காவலை நன்றாக அமுக்கியாயிற்று. இப்போது சாதாரண ஜலதோஷம்கூட நெஞ்சில் இறங்கலாம். பூ வேண்டாம், பழம் வேண்டாம், பார்க்க வருகிறவர்கள் வேண்டாம். கூட ஒரே ஒரு ஆள்.

பாங்கிலிருந்து இரண்டு பேர் ஹார்லிக்ஸோடு வந்தார்கள். கீழே லாபியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன். "ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போறோமே" என்றார் ஒருவர், தும்மிக்கொண்டே. அவர் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் தொண்டையில் ஒரு முள். ஏ.சி.யால் இருக்கும். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். ஏ.சி.தான்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை மறுபடி. ஏ.சி.யால் வந்தது இல்லை. காலையில் எழும்போதே உடம்பு கொதித்தது. நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "வெளிய போங்கக்கா." சாமான்களை அவளே எடுத்துக் கொடுத்தாள். ரகு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. ராத்திரி முழுக்க அந்த அறையில்தானே இருந்தேன். மாஸ்க் போட்டிருந்தேன். சரியாகப் போட்டிருந்தேனா?

ஆட்டோவில் மயிலாப்பூர் வரும்வரை அதையே நினைத்தேன். என் உடம்பு ஒழுங்காக வேலை செய்கிறது. கிருமி வந்தது, காவல் விழித்தது, காய்ச்சலை மூட்டியது, இரண்டு நாளில் எழுந்துவிடுவேன். அதே கிருமி அவருக்குப் போயிருந்தால் அங்கே எழுந்திருக்க யாரும் இல்லை. கிட்னியைக் கொடுத்தவளே இதையும் கொடுத்திருந்தால்.

கூட ஒரு ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி மறுபடி போன். மூன்றாவது டிரிப், பாத்ரூமுக்குப் பிடித்துப் போக ஆள், மாத்திரைக்கு ஆள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் தம்பி துபாயில். செல்விக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள், இரண்டுக்கும் சளி. விரல் விட்டு எண்ணினால் ஒரே பெயர்தான் நிற்கிறது. வேறு யாராவது, வேறு யாராவது என்று காண்டாக்ட் லிஸ்டை மேலும் கீழும் தள்ளினேன்.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார் போல.

"அக்கா, எனக்குக் காய்ச்சல். அவர்கூட யாரும் இல்ல. நீங்க போகணும்."

"நானா?" என்றார்.

"நீங்கதான். உங்களுக்கு சளி, இருமல்?"

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல. இதோ கெளம்பறேன். கையில எதுவும் எடுத்துட்டுப் போகல, வசந்தி. பிஸ்கட்கூட இல்ல."

மன்னிப்பு கேட்க இது நேரமா, தெரியவில்லை. மாத்திரை நேரம் சொன்னேன். எழுதிக்கொண்டார், திருப்பிப் படித்துக் காட்டினார்.

மத்தியானம் வீடியோ கால். மாஸ்க், தொப்பி, நீலக் கவுன். கண் மட்டும் அக்காவுடையது. கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். பின்னால் தூரத்தில் ரகு, படுக்கையில், கையில் டிரிப். கி. 2.3 என்றார் அக்கா, நர்ஸ் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு. இறங்கியிருக்கிறது. ஆனால் நாளை, மறுநாள் பார்த்துத்தான் சொல்வார்களாம். ரகுவுக்குக் காய்ச்சல் இல்லை. இதுவரை இல்லை.

"ஏன்கா அங்கேயே நிக்கறீங்க?"

"எழுந்து பாத்ரூம் போகணுங்கறான். நான் பிடிக்கலாமா? நீ வராதன்னு சொன்ன இல்ல, அதான் கேக்கறேன். தொடலாமா வசந்தி?"

எனக்கு இன்னும் பயம். அக்காவைப் பார்த்தும் பயம், என்னைப் பார்த்தும் பயம்.

"தொடுங்கக்கா" என்றேன்.