விடுபட்ட மைனஸ்

கோபன்ஹேகன்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மா,

உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம். குளிரும் குறைந்துவிட்டது.

நேற்றுப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழிப் பரீட்சை. பேராசிரியையை எல்லோரும் கிர்ஸ்டன் என்றே கூப்பிடுவார்கள். எனக்குத்தான் வாய் வருவதில்லை. அவர் பலகையில் சமன்பாட்டை எழுதும்போது ஒரு மைனஸ் குறியை விட்டுவிட்டார். கண்டேன். படிப்பித்தவரை எப்படித் திருத்துவது என்று, அந்தப் பிழையோடேயே கணக்கைச் செய்து முடித்தேன்.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர், “பிழையைக் காணவில்லையா?” என்று கேட்டார்.

“கண்டேன்.”

“பாலம் கட்டும்போதும் இப்படித்தான் பேசாமல் இருப்பீரா?”

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். இருநூறு வருடப் பேராசிரியர்களின் படங்கள் தொங்கும் நடையில், மூடிய கதவைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றேன். பிறகு கிர்ஸ்டனே கதவைத் திறந்து, வேண்டுமென்றுதான் அந்தக் குறியை விட்டதாகச் சொன்னார். நான் பரீட்சையில் சித்தியடையவில்லை.

பயப்படாதீர்கள், ஓகஸ்ட்டில் அதே பரீட்சைக்குத் திரும்பத் தோற்றலாம். ஒரு சின்ன உதவி. ஞாயிறு பூசை முடிந்து கதைக்கும்போது எதையாவது பிழையாகச் சொல்லுங்கள். “இல்லையம்மா, நீங்கள் சொல்லுறது பிழை” என்று நான் சொல்லிப் பழக வேண்டும். கோபித்துப் போனை வைத்துவிடாதீர்கள். எதிர்த்துக் கதைக்கவும் எனக்கு இங்கே ஒருவரும் இல்லை.

பஸ் வருகிறது.

மகள்,
ஷெறின்