குந்தாபுராவில் பிடித்த செப்பிலி

மாதா துணை

குக் டவுன், பெங்களூர்
ஜனவரி 20

அன்புக் கண்ணு எரிக்குக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், என் வலது மணிக்கட்டையும் அப்பாவின் மானத்தையும் தவிர. இரண்டுக்கும் என்ன ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே நன்றாக இருப்பாய், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி இந்த மாதமாவது குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். சொன்னால் அப்பா பாதியில் போனைப் பிடுங்கித் தன் பக்கத்து நியாயத்தை ஆரம்பித்துவிடுவார், அதனால் தபாலிலேயே போடுகிறேன், நீ உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். விஷயம் இதுதான், நான் ஒரு மீன் பிடித்தேன். ஆமாம், நானேதான். நீ இருக்கிற கெய்ன்ஸில் மேங்க்ரோவ் ஜாக் என்கிறீர்களே, நம் செப்பிலி, அதேதான். பிடித்தேன், பிடித்துவிட்டு என் கையாலேயே திரும்பத் தண்ணீரில் விட்டேன். நாற்காலியிலிருந்து விழாதே, மேலே படி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ நவம்பர் ஞாபகம் இருக்கிறதா, நீ பெரிய செப்பிலி ஒன்றைப் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாக அதைத் தண்ணீரில் விடுகிற வீடியோ அனுப்பினாயே. நான் உன்னைப் போனில் பிடிபிடியென்று பிடித்தேன். சாப்பிடுவதானால் பிடி, இல்லையென்றால் அதன் பாட்டுக்கு விடு, வாயில் ஊசியைக் குத்தி இழுத்து போட்டோ எடுத்துத் திருப்பி விடுவதெல்லாம் வேலையத்தவர்கள் வேலை என்றேன். "உனக்குப் புரியாதும்மா" என்று சொல்லி நீ போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசினோம், ஆனால் மழை, வெயில், சாப்பாடு, இதோடு சரி. நீ மீன் பிடிக்கப் போகிற கதையை என்னிடம் சொல்வதே இல்லை. அது என் மனதை எவ்வளவு அரித்தது என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

எங்கள் முப்பத்தைந்தாம் கல்யாண நாள் போன வாரம் வந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை தனியாகத் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு குந்தாபுரா ஓடுகிற உன் அப்பா, இந்தத் தடவை நீயும் வா என்றார். எனக்கு ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை ஐரின் அத்தை வீட்டாரையும் கோயில் பாட்டுக் குழுவையும் சேர்த்துப் பதினொரு பேரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம், "மீனுக்குக் கவலை இல்ல, நாங்களே பிடிச்சிட்டு வர்றோம்" என்று அத்தையிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். காலையில் இறங்கினதும் படகுக்காரர் ஹரிஷ் வந்து அழைத்துப் போனார். அவர் மனைவி ஷில்பா கொடுத்த இட்லியையும் காப்பியையும் முடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் உப்பங்கழிக்குள் போனோம். இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள், வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றிக்கொண்டு நிற்கின்றன, அந்த வேர்களுக்கு நடுவில்தான் செப்பிலி ஒளிந்திருக்குமாம். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஹரிஷ் மெதுவாக, "அம்மா, மற்ற மீன் எது வேணா எடுத்துக்குங்க, செப்பிலி மாட்டினா மட்டும் அளந்துட்டு விட்டுடணும்" என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் வகுப்பில் பிள்ளைகளைக் கேட்ட மாதிரி ஏன், எதற்கு, யார் சொன்னது என்று அவரை விடாமல் கேட்டேன். கழியில் இருப்பதெல்லாம் இளசுகள்தானாம், வளர்ந்து கடலுக்குப் போய்த்தான் முட்டை போடுமாம். அதற்குள் இங்கேயே பிடித்துப் பிடித்து, நடுவில் ஒரு நாலைந்து வருஷம் செப்பிலி கண்ணிலேயே படவில்லையாம். அப்புறம்தான் அந்த ஊர்ப் படகுக்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசி இப்படி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்களாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன், ஆனாலும் மனசு ஒப்பவில்லை, அத்தைக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து மணி இருக்கும். அப்பா பசிக்கிறது என்று டப்பாவைத் திறக்கப் போனவர், "பிரிஜி, இதைக் கொஞ்சம் பிடி" என்று தூண்டிலை என் கையில் கொடுத்தார். நான் ஏதோ குடையைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார், கண்ணு, யாரோ தண்ணீருக்குள்ளிருந்து கையைப் பிடித்து இழுத்தது போல ஒரு இழுப்பு! படகின் ஓரத்தில் போய் மோதினேன். ரீல் கிர்ரென்று கத்துகிறது, அப்பா கையில் சப்பாத்தியோடு குதிக்கிறார், ஹரிஷ் "பிட்பேடி அம்மா, விட்டுடாதீங்க, வேருக்குள்ள போச்சுன்னா நூல் அறுந்துடும்" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்துகிறார். நான் எங்கே விடுவது, விரல்கள்தான் இறுகிப் போய்விட்டனவே. அப்பா வாங்கிக்கொள்ள வந்தார், முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டேன், அதை அவர் போனில் சொன்னால் நம்பு, உண்மைதான். அது வேர்ப் பக்கம் இழுக்க நான் இந்தப் பக்கம் இழுக்க, மணிக்கட்டு பிசகினது அப்போதுதான். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், நடுவில் என்ன சொன்னேன் என்று மாதாவுக்கே வெளிச்சம். கடைசியில் மேலே வந்தது பார், செம்புக் குடத்தைத் தேய்த்து வைத்த மாதிரி ஒரு நிறம், நாய்ப் பல் மாதிரி முன்பல், என்னை முறைத்துக்கொண்டு! வீடியோவில் பார்ப்பது ஒன்றுமே இல்லை, எரிக். நான் படகில் உட்கார்ந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டிச் சிரித்தேன்.

ஹரிஷ் அதைக் கைவலையோடு தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, பலகையில் ஒரு நொடி வைத்து அளந்தார், நாற்பத்தொன்பது சென்டிமீட்டர். அப்போதுதான் அதன் முதுகுச் செட்டைக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு பிளாஸ்டிக் நூல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அதில் எண் 117. ஏற்கனவே ஒருவர் பிடித்து விட்ட மீனாம், விடும்போது எண் குத்தி விடுவார்களாம், யார், எப்போது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் ஷில்பா நோட்டில் எழுதி வைப்பாராம். ஹரிஷ் உடனே மனைவிக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். உன் அப்பா திடீரென்று, "அதெல்லாம் எதுக்கு, நேரம் ஆகுது, விட்டுடலாம்" என்கிறார். ஷில்பா பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "நூத்திப் பதினேழு, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பர், முப்பத்தொன்பது சென்டிமீட்டர், பிடிச்சு விட்டவர் டொமினிக் சார், பெங்களூர்" என்று படித்தார்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காது இரண்டும் அந்த மீன் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நவம்பரில் ஐஸ் பெட்டியில் மீனோடு வந்து நின்று, தானே பிடித்தது என்று சொன்னாரே, நானும் பாதியை ஐரின் அத்தைக்குக் கொடுத்தனுப்பிப் பீற்றிக்கொண்டேனே! அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம், குந்தாபுராவில் பிடித்த மீனை எதற்கு உருதுப் பேப்பரில் சுற்றியிருக்கிறது என்று. ரயிலை விட்டு இறங்கி நேராக சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போய் சங்கரா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். "முப்பத்தஞ்சு வருஷத்துல இன்னும் எத்தனை மீனுங்க?" என்று கேட்டேன். அதற்கு அவர், "நீ அந்த வாரம்தான் பிள்ளையைப் போன்ல அந்தத் திட்டு திட்டின, நானும் அதையே செஞ்சேன்னு எப்படி வந்து சொல்றது, அவன்தான் எப்படி விடணும்னு எனக்கு ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்தான்" என்றார். ஆக நீயும் கூட்டு! நான் ஒருத்தி உங்கள் இரண்டு பேரையும் என்னைப் பார்த்துப் பயப்பட வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபமும் சிரிப்புமாக நான் அவரைப் பிடித்து வாங்கிக்கொண்டிருந்தபோது ஹரிஷ், "அம்மா, மீன் சாயுது" என்றார்.

வலைக்குள் அது ஒருக்களித்துப் படுத்திருந்தது, வெள்ளை வயிறு மேலே தெரிந்தது. எங்கள் சண்டையில் அதை மறந்துவிட்டோம். பதினான்கு மாதம் அந்த வேர்களுக்குள் பிழைத்துப் பத்து சென்டிமீட்டர் வளர்ந்தது என் கையிலா போக வேண்டும்? ஹரிஷ் படகை மணல் திட்டுப் பக்கம் தள்ளினார், நான் சுடிதாரோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டேன், அப்பா வேண்டாம் வேண்டாம் என்கிறார். ஹரிஷ் சொன்னபடி ஒரு கை வாலடியில், ஒரு கை வயிற்றுக்குக் கீழே, முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகக் காட்டிப் பிடித்துக்கொண்டேன். செவுள் அசையவே இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு லேசாகத் திறந்தது, மூடியது, திறந்தது. என் உள்ளங்கையில் அதன் உடம்பு மெல்ல மெல்ல இறுகுவதை உணர்ந்தேன், அதை எழுதத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்திருக்கும். "இப்ப கையைத் தளர்த்துங்க, போகணும்னா அதுவே போகும்" என்றார் ஹரிஷ். தளர்த்தினேன். நிற்கிறது, போகவில்லை. அடுத்த நொடி என் முகத்தில் ஒரு அறை தண்ணீர், கையில் ஒன்றும் இல்லை! நான் போட்ட கூச்சலில் கண்டல் மரத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் போய்விட்டது. அப்பாவும் இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டார், ஹரிஷ் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேறு மீன் எதுவும் மாட்டவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்புதான். ஐரின் அத்தை மீன் எங்கே என்று கேட்டாள், நான் எல்லோர் முன்னாலும் நடந்ததை அப்படியே சொன்னேன், மார்க்கெட் சங்கரா கதையையும் சேர்த்து. அத்தை, "அப்போ நான் சாப்பிட்டது டொமினிக் பிடிச்சது இல்லையா" என்று அரை மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிடித்த மீனை விடுவதற்கா அவ்வளவு தூரம் போனீர்கள் என்று பாட்டுக் குழுவில் ஒருவர் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை, பதினான்கு மாதத்துக்கு முன்னால் நானும் அதையேதானே கேட்டேன். உட்கார வைத்து, செப்பிலி எங்கே வளர்கிறது, எங்கே முட்டை போடுகிறது என்று முழுப் பாடமே நடத்திவிட்டேன்.

அதனால், எரிக், அன்றைக்குப் போனில் உன்னைத் திட்டினது என் தப்பு. புரியாது என்று நீ சொன்னது சரிதான், ஆனால் புரிய வைக்கப் பார்க்காமல் போனை வைத்தது உன் தப்பு. இரண்டும் தீர்ந்தது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மழை வெயில் பேச்சு வேண்டாம், எங்கே போனாய், என்ன மாட்டியது, எப்படி விட்டாய், அதைச் சொல். ஒன்று மட்டும் கேட்டுக்கொள், உங்கள் கழியில் முதலை உண்டு என்று அப்பா சொன்னார், நான் இறங்கினேன் என்று நீயும் தண்ணீரில் இறங்கி நிற்காதே, படகில் இருந்தபடியே விடு. வெயிலுக்குத் தொப்பி போடு, நேரத்துக்குச் சாப்பிடு.

ஆண்டவர் உன் கைகளையும், அந்தக் கைகள் தொடுகிற நோயாளிகளையும் காப்பாற்றட்டும். மாதா எப்போதும் உன் பக்கத்தில் இருக்கட்டும். அப்பா முத்தம் சொல்லச் சொன்னார், இதை நான் எழுதி முடிக்கிறவரை அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மறக்காமல் ஒன்று செய். வாயில் குத்தினாலும் சுலபமாகக் கழன்று வருகிற மாதிரி, எதிர்முள் இல்லாத தூண்டில் ஊசி அங்கே நல்லதாகக் கிடைக்குமாமே, டிசம்பரில் வரும்போது இரண்டு பாக்கெட் வாங்கி வா. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதன் மேல் பெயர் எழுதிவிடு, அவரை நம்ப முடியாது.

உன் அன்பு அம்மா,
பிரிஜெட்