பால் குடித்து முடிக்கும் வரை

மந்தைவெளி
19-1-1970

அன்புள்ள அம்மாவுக்கு லூயிசா எழுதுவது. மாதா துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

போன வாரம் பள்ளியில் ஒரு வேடிக்கை. என் வகுப்பில் ஜெயபாரதி என்று ஆறு வயதுக் குழந்தை. மதியம் கொடுக்கும் பவுடர் பாலைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். "அவ குடிச்சு முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் வெளியே வரக்கூடாது" என்று தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அப்பாவின் கப்பல் கம்பெனி வேலைக்காக, யுத்தம் முடிந்த கையோடு லிவர்பூல் போனோமே, அந்தப் பள்ளியிலும் தினமும் ஒரு குட்டிப் பாட்டில் பால். பனியில் உறைந்ததை அடுப்பருகே வைத்து வெதுவெதுப்பாகத் தருவார்கள். என்னால் விழுங்க முடியாது. மற்றவர்கள் விளையாடப் போக, நான் மட்டும் பாட்டிலோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். சர்க்கரைக்கே ரேஷன் இருந்த ஊரில் பால் வேண்டாமென்றால் நீங்கள் வருந்துவீர்கள் என்று இதை உங்களிடம் சொன்னதே இல்லை.

"இன்னா டீச்சர், உன்னையும் உள்ள வச்சுப் பூட்டிட்டாங்களா?" என்றாள் ஜெயபாரதி. டம்ளரை வாங்கி நானே குடித்துவிட்டேன். ஜன்னல் வழியே பார்த்த பள்ளி ஆயா தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டாள்.

இப்போது மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள். நான் இன்னும் எழுதவில்லை. சர்ட்டிபிகேட்டுகள் அவர்களிடம் இருப்பதால் ஒப்பந்தப்படி மூன்று வருடம் முடியாமல் நானாக விலகவும் முடியாது. கவலைப்படாதீர்கள்.

சோற்றில் போட்டுக்கொள்ள மாசிக் கருவாட்டுத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். "லூயிசாவை உடனே ஊருக்கு அனுப்பவும்" என்று அப்பாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். காரணம் எதுவானாலும் சரி, அதைக் காட்டித்தான் சர்ட்டிபிகேட்டுகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். மணி அடித்துவிட்டது. ஜெயபாரதி டம்ளரோடு வாசலில் நிற்கிறாள்.

உங்கள் மகள்
லூயிசா