தோல் வளர்க்கிற பிள்ளை

ஜனவரி 18, 2025, சனி

விஸ்வநத்தம் மகளிர் குழுக் கூட்டத்தில் இன்று பேசினேன். மதுரையில் ஸ்டெம் செல் பயிற்சியில் இருப்பவர்கள் எல்லோரும் சொந்த ஊரில் ஒரு முறை பேசியாக வேண்டும். தோலிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரிப்பது, தட்டில் வளர்ப்பது எல்லாம் சொன்னேன். முடிக்கும்போது நம்பிக்கையாக முடிக்க வேண்டும் என்பது பயிற்சியாளர் ஆல்பின் சாரின் பாடம். அப்படியே முடித்தேன்: "வெடியில் வெந்த கைக்கு உங்கள் தோலையே வளர்த்துத் திருப்பித் தருவோம்!"

என்ன கைதட்டல்! குழுத் தலைவி கற்பகவல்லி அத்தை, "எங்க டாக்டரு" என்று கன்னத்தைக் கிள்ளினார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 22

தட்டுகளில் பூஞ்சை. மொத்தத்தையும் கொட்டினேன். வளர்ந்திருந்ததே ஒரு ரூபாய்க் காசு அகலம்தான்.

மார்ச் 8, சனி

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்ன நீ அந்தக் கூட்டத்துல?"

எங்கள் தெரு மாரிசெல்வி அக்காவுக்குப் போன தீபாவளி சீசனில் பட்டாசு ஷெட்டில் வலது கை வெந்துவிட்டது. ஆறியபோது விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. நர்ஸான அம்மாதான் அலைந்து, தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டும் ஆபரேஷனுக்குப் பிப்ரவரியில் தேதி வாங்கிக் கொடுத்திருந்தாள். அக்கா போகவில்லை. ஏன் என்று கேட்டால், "நம்ம கிருபா தோலு வளக்குதுல்ல. தொடைய எதுக்கு அறுக்கணும்? அதுவரைக்கும் பொறுத்துக்கிடுறேன்" என்றாளாம்.

தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிவிடும். அம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரிய வேண்டுமா?

மார்ச் 9

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் கையால் காப்பி போட்டுக் கொடுத்தாள். "தோலு எப்ப தயாராகும் பிள்ள?"

"பாப்போம்க்கா" என்றேன்.

பார்ப்போமாம்! என்னத்தைப் பார்ப்பது? காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சீ.

மார்ச் 23

இந்த வாரமும் ஊருக்குப் போகவில்லை. லேப்பில் வேலை என்று அம்மாவிடம் பொய்.

ஏப்ரல் 6, ஞாயிறு

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள் அம்மா. போனேன்.

"அக்கா, என்னால இப்ப முடியாது. எப்ப முடியும்னும் தெரியாது. ஆபரேஷனுக்குப் போயிருங்க."

"மைக்குல சொன்னியே?"

"தப்பாச் சொல்லிட்டேன்க்கா."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "வேற யாரும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன் பிள்ள" என்றாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

ஆல்பின் சாருக்கு போன் செய்து, பேச்சின் கடைசி வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன். "கேக்கிறவங்க சோர்ந்து போயிருவாங்களேம்மா" என்றார். போகட்டும் சார் என்றேன்.

மே 20

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தார்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நிமிர்ந்துவிட்டன. மற்ற இரண்டும் மடங்கியேதான் இருக்கின்றன. "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று டாக்டர் அம்மாவிடம் இழுத்தார். அக்காவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெம்பக்கோட்டையில் கூட்டம். நானாகக் கேட்டு வாங்கியது. "நானும் வாரேன், எம்புட்டு நாளுதான் வீட்டுக்குள்ளயே கெடக்க" என்று அக்காவும் பஸ் ஏறிவிட்டாள்.

கடைசி வரி இல்லாமல் பேசினேன். "எப்பக் கெடைக்கும்?" என்று கேட்டார்கள். "தெரியாது. அதுக்காக யாரும் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க" என்றேன். ஒருவரும் கை தட்டவில்லை. சிலர் எழுந்து போனார்கள்.

கழுத்துத் தோல் வெந்து இழுத்துக்கொண்ட ஒரு பெண் மட்டும் பின்னாலிருந்து எழுந்தாள். "தொடையில தோலு எடுத்த எடம் ரொம்ப வலிக்குமா? திரும்ப வேலைக்குப் போக முடியுமா?"

எனக்குத் தெரியவில்லை. மைக்கை அக்காவிடம் நீட்டினேன். வலது கையை முன்னால் கொண்டுவந்தாள். பிறகு அதை இழுத்துக்கொண்டு இடது கையால் வாங்கினாள்.

"இடக்கையில வாங்குறேன்னு தப்பா நெனச்சுக்கிடாத பிள்ள" என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம்.