நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பிழை இல்லை

மிட்சம், இலண்டன்.
12 ஒக்ரோபர் 2025

அன்பிற்குரிய குமுதினிக்கு,

என் வலது முழங்கால் நீங்கலாக இவ்விடம் யாவும் சுகம். உமது கண் சத்திரசிகிச்சை நன்றாக நிறைவேறியதென்றும், எழுத்துகள் இன்னும் புகைபோலத் தெரிவதால் ரொறன்ரோவுக்கு வரும் கடிதங்களை ஞாயிறு மதியச் சாப்பாட்டின் பின் மருமகன் லதீசன் சத்தமாக வாசிக்கிறார் என்றும் அறிவித்திருந்தீர். மகள் றொஷானியும் பக்கத்தில் இருந்து கேட்பாளாம். எனக்கு இது மிகுந்த வசதி. உமது துப்பறியும் பறுவதம் மாமி ஒவ்வொரு நாவலின் இறுதி அத்தியாயத்திலும், பிளாஸ்க்கில் இருந்து தேநீர் ஊற்றியபடி, எல்லோரையும் ஒரே அறையில் கூட்டி இருத்துவார் அல்லவா? அவ்வாறே இருங்கள். பேரப்பிள்ளைகளை மட்டும் மேல்மாடிக்கு அனுப்பிவிடுங்கள்.

உமது ஏழாவது நாவலின் அச்சு மெய்ப்பு கிடைத்தது. வழமைபோல் இருமுறை வாசித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். மூலைக்கடைக் கல்லாவில் நின்றபடி, பால் வாங்க வருவோருக்கு மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டே இலக்கணம் கற்றவள். பட்டதாரியாகிய நீர் ஆறு நாவல்களையும் என் சிவப்புப் பேனைக்கு ஒப்படைத்ததை நான் இன்றும் பெருமையாகவே கருதுகிறேன்.

கதை நடக்கும் அப்பர் விப்பிள் என்ற ஆங்கிலக் கிராமத்துப் போதகர் பதினோராம் பக்கத்தில் வலக்காலால் நொண்டுகிறார். நாற்பதாம் பக்கத்தில் இடக்காலால் நொண்டுகிறார். பூக்கண்காட்சி நடுவர் நஞ்சிட்ட எலுமிச்சைக் கேக்கை உண்டு மாண்ட பின்னர், அடுத்த அத்தியாயத்தில் நன்றியுரை நிகழ்த்துகிறார். மாண்டவரை நன்றியுரைக்கு அழைப்பது நம்மவர் விழாக்களிற்கூட இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. இவற்றைத் திருத்தியுள்ளேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் பேனை வைக்கவில்லை. அங்கே வெதுப்பகக்காரரின் மகளுக்குப் பேசிய கலியாணத்தைக் குலைக்க, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது. பெண் நித்திரையில் நடப்பவள் என்றும், உப்புப் போத்தலைப் பிள்ளைபோல் இடுப்பில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்று, செத்த தகப்பனைச் சாப்பிட வரச்சொல்லி அழைப்பவள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. நாவலிலேயே அதிகம் சிரிக்க வைக்கும் பக்கம் அதுதான். நானும் சிரித்தேன், இரண்டாவது வரி வரையில்.

மருமகன் லதீசன், இனி உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். தயவுசெய்து நிறுத்தாமல் வாசியுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், நீங்கள் இங்கே இலண்டனில், ஸ்ட்ரெதமில் இருந்த காலத்தில், என் மகள் மயூராவை உங்களுக்குப் பேசினோம். நீங்கள் இருவரும் ஒரு மாலை முழுவதும் கதைத்தீர்கள். பின்னர் சாதகம் பொருந்தவில்லை என்று உங்கள் தாயார் உங்களுக்குச் சொன்னார். சாதகம் பொருந்தியிருந்தது. அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. காலஞ்சென்ற அந்தப் பெருமாட்டி என்னைத் தனியே அழைத்து, மகனுக்குக் காட்டவில்லை, ஊருக்கும் சொல்லமாட்டேன் என்று கூறி அதை என் கையில் தந்தார். சொன்ன சொல்லை இறுதிவரை காத்தார். அக்கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். இடக்கையால் எழுதியது, கையெழுத்தைக் கொண்டு ஆளைப் பிடிக்க இயலாது. ஆனால் உப்புப் போத்தல் அதில் இருக்கிறது. இடுப்பும் வாசலும் அந்த ஆண்டுதான் இறந்த என் கணவர் ஞானேஸ்வரனும் இருக்கிறார்கள்.

என் மகள் ஒருநாளும் நித்திரையில் நடந்தவள் அல்லள். ஆயினும் பெற்ற தாயாகிய நான், அதை வாசித்த நாள் தொடங்கி ஓராண்டு காலம் உப்புப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். ஏன் என்று கேட்டாள். ஈரம் பிடிக்கிறது என்றேன். ஒருநாள் திறப்பைத் தேடி எடுத்துத் திறந்தவள், போத்தலுக்கு அடியில் அக்கடிதத்தையும் கண்டாள். வாசித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “அப்ப நீங்களும் நம்பினீங்களோ அம்மா?” அடுத்த மாதமே ஈஸ்ட் ஹாமில் அறை எடுத்துக்கொண்டு போனாள். பெருநாட்களில் வருவாள். என் கறியில் உப்புக் காணாவிட்டாலும் கேட்டு வாங்கமாட்டாள். அவளுக்கு இப்போது நாற்பது வயது.

குமுதினி, பறுவதம் மாமியைப் போல் நானும் ஒவ்வொருவராகக் கழித்துப் பார்த்தேன். கடிதத்தை வாசித்தவர்கள் மூவர். லதீசனின் தாயார் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. மயூராவிடம் போன வாரம் கேட்டேன். உம்மோடு அதைப் பற்றி ஒரு வார்த்தையேனும் பேசியதில்லை என்றாள். வாசிக்காமலே அதில் உள்ளதை அறிந்திருக்கக்கூடியவர் எழுதியவர் ஒருவரே. காரணத்தை நான் தேடி அலையவேண்டி இருக்கவில்லை. பேச்சு முறிந்து ஏழாவது வாரமே றொஷானிக்கும் லதீசனுக்கும் கலியாண நாள் வைத்தீர். ஈஸ்ட் ஹாமுக்குக் கூறைச்சேலை எடுக்கப் போனபோது, அக்காவின் கண் நல்ல கண் என்று சொல்லி என்னையும் கூட்டிச் சென்றீர். மயூராவுக்கென்று மனத்தில் குறித்து வைத்திருந்த அரக்கு நிறத்தையே உமது மகளுக்கு நான் தெரிந்து கொடுத்தேன்.

நீர் மறந்திருப்பீர் என்றே நம்புகிறேன். பொல்லாத எண்ணத்தோடு இப்பக்கத்தை எனக்கு அனுப்பியிருக்கமாட்டீர். சிரிக்க நல்ல பகிடி என்று எங்கோ மனத்தில் கிடந்ததை, எங்கிருந்து வந்ததென்று பாராமல் எடுத்து எழுதியிருப்பீர். என் மகளின் வாழ்வு உமக்கு ஞாபகத்தில் வைக்கவும் தகுதியற்ற ஒன்றாய் இருந்தது என்பதைத்தான் இந்தக் கிழவியால் செரிக்க இயலவில்லை.

றொஷானி, நீ அக்காலத்தில் ஒன்றும் அறியாத பிள்ளை. உன்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் உன் கணவருக்கு நீ எப்படிக் கிடைத்தாய் என்பதை நீயும் அவரும் ஒரே நேரத்தில் அறிவதே முறை என்று கருதினேன்.

நான் பிழையாகத் துப்பறிந்திருந்தால், அந்த உப்புப் போத்தலின் கதையை யார் வாயிலாகக் கேட்டீர் என்பதை, குமுதினி, இப்போதே அவ்விருவர் முன்னிலையிலும் சொல்லிவிடும். ஒரு பெயர் போதும். எனக்குப் பதில் எழுதவேண்டிய அவசியம் இல்லை.

நாவலைப் பற்றி இறுதியாக ஒன்று. குற்றவாளி தானே முன்வந்து அழுது மன்னிப்புக் கேட்பதாக முடித்திருக்கிறீர். நம்பும்படியாக இல்லை. மற்றபடி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அப்படியே அச்சுக்குப் போகலாம்.

உமது பார்வை முன்னையிலும் தெளிவாகத் திரும்ப வேண்டுமென்று முருகனை வேண்டுகிறேன். எழுத்துகளை வாசிக்கப் பிந்தினாலும் பாதகமில்லை. இக்கணம் உமக்கு எதிரே அமர்ந்திருக்கும் இருவரின் முகங்களும் புகையின்றி, துலக்கமாக, நீர் உள்ளகாலம் வரைக்கும் உமக்குத் தெரியட்டும்.

தன் பெயரைக் கீழே எழுதும்,
ஜெயகௌரி ஞானேஸ்வரன்