அத்தான் இறங்க மாட்டாராம்

அன்புள்ள அக்கா,

சுமை தூக்குகிறவர்கள் இன்று இறங்குகிறார்கள். இதை அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே, யாருக்கும் காயம் இல்லை.

அத்தான் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எழுதத்தான் ஆசை. நேற்றிலிருந்து தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. காலையில் கையுறையைக் கழற்றிவிட்டுப் பனியில் உட்கார்ந்துகொண்டு, வியர்க்கிறது என்றார். அதைப் பார்த்ததும் சுமைக்காரர்களில் பெரியவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, நீ வழிகாட்டி, இந்த உயரத்துல காத்து பத்தாம புத்தி தடுமாறுறது உனக்குத் தெரியாததா? மலை எங்கயும் ஓடிப் போகாது. சாரைக் கூட்டிட்டு இறங்கு."

அத்தானிடம் கெஞ்சினேன். கையைப் பிடித்தும் இழுத்தேன். "மாப்பிள்ளை மேலயே கை வைக்கிறியாடா?" என்று சிரித்தார். வேறு யாராக இருந்தாலும் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பேன்.

கடைசியாக, "அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றேன்.

"இப்பதானே கூடாரத்துக்குள்ள வந்துட்டுப் போனா. போயிட்டு வாங்கன்னு அவதான் சொன்னா."

இதை எழுதி முடிப்பதற்குள் கயிறுகூடக் கட்டாமல் மேலே நடக்கத் தொடங்கிவிட்டார். எட்டிப் பிடித்தால் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் பார்க்க மாட்டேன். மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது, அவருடைய தொப்பி மட்டும்தான் தெரிகிறது.

குழந்தைகளிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே.

உன் தம்பி