எட்டு-பி மாத்திரை லீடர்

ஜனவரி 7, புதன்

மாடி வீட்டு சரிதா அக்கா சாயங்காலம் கூப்பிட்டார். அவருக்குக் காட்டாங்குளத்தூர் காலேஜ் ஒன்றில் ஆராய்ச்சி வேலை. கூட வேலை செய்யும் கிரீஷ் அண்ணா லீவாம். "நீ நம்பர் வாசி பாப்பா. நான் கம்ப்யூட்டர்ல போட்டது சரியான்னு பாக்கறேன். ஒரே ஆள் ரெண்டு தடவை பார்த்தா அதே தப்பை ரெண்டு தடவை பண்ணுவோம்" என்றார். தட்டில் முறுக்கு வைத்தார்.

வேலை இதுதான். வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் பள்ளிப் பெண்களுக்கு ரத்தம் ஏறுமா? இந்த ஒரு கேள்விக்காக உலகத்தில் யார் யார் என்னென்ன ஆராய்ச்சி செய்தார்களோ அத்தனையும் தேடி எடுக்கிறார்கள். தேறாததைத் தள்ளிவிட்டு மீதியைச் சேர்த்து ஒரு பதில் எழுதுவார்களாம். முதலில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிடைத்ததாம். தள்ளித் தள்ளி இப்போது பதினான்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வட்டம். நம்பலாம் என்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், நம்பக்கூடாது என்றால் சிவப்பு.

பதினோராவதை வாசித்தேன். சென்னைக்குத் தெற்கே ஆறு பள்ளிகள். எட்டாம் வகுப்புப் பெண்கள். முப்பது வாரம். வகுப்பு மாணவி ஒருத்தியே பக்கத்தில் நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கார்டில் டிக் போட்டிருக்கிறாள். விழுங்கிய மாத்திரைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

வரிசையாகப் பச்சை வட்டங்கள். "இருக்கறதுலயே இதுதான் பெருசு, சுத்தமும் இதுதான். பதில் இது பக்கம்தான் சாயும்" என்றார் அக்கா.

என்ன பதில் என்று கேட்டேன்.

"நிஜ மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் சும்மா மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. பிரயோஜனம் இல்லைன்னுதான் வரும்போல."

கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அந்த ஆறு பள்ளிகளில் எங்கள் பள்ளியும் ஒன்று. டிக் போட்டவள் நான்.

ஜனவரி 8, வியாழன்

பாட்டில் லாஃப்டில்தான் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். தொடவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

புவியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா புவியியலைத் தொட மாட்டாள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சம். நடந்ததை ஒரு தடவையாவது முழுசாக எழுதிப் பார்க்க வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின ஜூன். ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தார்கள். செவ்வாய்தோறும் மதியச் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை. எங்கள் பி பிரிவுக்கு ஒரு டப்பா, ஏ பிரிவுக்கு வேறு டப்பா. எதில் மருந்து இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். இரண்டாவது வாரமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கு மறுநாள் கக்கூஸில் கறுப்பாகப் போயிற்று, ஏ பிரிவுக்குப் போகவில்லை. அவர்கள் எங்களைத் தார் ரோடு என்று கூப்பிட்டார்கள்.

சயின்ஸ் எடுக்கும் பக்தவச்சலம் சார் என்னை மாத்திரை லீடர் ஆக்கினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காவது வாரம் என் பக்கத்தில் உட்காரும் குல்ஷன் வாந்தி எடுத்தாள். வெறும் வயிறு. ஐந்தாவது வாரம் மாத்திரையை என் உள்ளங்கையில் திரும்ப வைத்து, "லீடர், ப்ளீஸ்டி" என்றாள். அவள் கட்டத்தைக் காலியாக விட்டேன். சார் கார்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா ஓட்டை? காலி இருந்தா காலேஜ்ல இருந்து எனக்குக் கேள்வி வரும். எனக்குக் காலியே வேணாம்" என்றார். விழுங்க வை என்று சொன்னாரா, டிக் போடு என்று சொன்னாரா? நான் டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு குல்ஷன் மட்டும் இல்லை. அடுத்த வாரம் நான்கு பேர். தீபாவளிக்குள் பாதி வகுப்பு. நானும்தான். என் வாயை யார் பார்ப்பது?

குப்பைத்தொட்டியில் போட்டால் ஆயாம்மா பார்த்துவிடுவார். குழாயடியில் கரைத்துப் பார்த்தேன், சிமெண்டு சிவப்பாகிவிட்டது. அதனால் பேனா பாக்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைந்தது. தூக்கிப் போடவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

இத்தனை நாள் இது எங்கள் வகுப்போடு முடிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

குல்ஷன் ப்ரேயரில் விழுந்தாள். சத்தமே இல்லை. பக்கத்தில் நின்ற நான் திரும்பினால் அவள் இடத்தில் ஆள் இல்லை.

சாயங்காலம் அம்மாவோடு அவள் வீட்டுக்குப் போனேன். மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்த அம்மா கை கழுவிவிட்டு நேராக அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "இன்னாடி இது, ஐஸ்ல நாலு நாளு கெடந்த சங்கரா மாதிரி செவுளு வெளுத்துப்போய் கீது. இத்த என் கூடைல வச்சா ஒருத்தன் வாங்க மாட்டான்" என்றாள். குல்ஷன் சிரித்தாள். அவள் உதடும் வெள்ளை.

ஜனவரி 23, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

குல்ஷனின் அத்தா, ஜலால் அங்கிள், முடிச்சூர் ரோட்டில் ஃபேன், மிக்ஸி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். டாக்டரிடம் போகும்போது அந்த மாத்திரை கார்டையும் எடுத்துப் போயிருக்கிறார். முப்பது கட்டம், முப்பது டிக். ஆராய்ச்சி முடிந்து கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கல்லூரி குத்திய 'இரும்புச்சத்துப் பிரிவு' முத்திரை. இத்தனை நாள் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தாராம்.

டாக்டர் கார்டைப் பார்த்துவிட்டு, இத்தனை மாத்திரை உள்ளே போயும் ரத்தம் ஏறவில்லை என்றால் இது இரும்புக் குறை இல்லை, வேறு ஏதோ என்றாராம். ரத்தம் உண்டாகிற இடத்தையே பார்க்க வேண்டுமாம். பிப்ரவரி 3 அன்று இடுப்பு எலும்புக்குள் ஊசி விட்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். ஆன்ட்டி, குல்ஷனின் அம்மா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னார். "வேற ஏதோன்னா என்னன்னு கேக்க எனக்கு தைரியம் இல்ல" என்றார்.

அந்த டிக்குகள் என் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் வாலை நீளமாக இழுத்திருக்கிறேன், அழகுக்காக.

ஜனவரி 24, சனி

குல்ஷனிடம் சொன்னேன், நாம் சொல்லிவிடலாம் என்று.

"லூசாடி நீ? அப்ப மாத்திரைக்குக் கையெழுத்து போடாதேன்னு தெருவே பேசிகினு இருந்துச்சு. உங்கம்மாவே மொதல்ல போடல. அத்தாதான் ஒவ்வொரு வூடா போய் எல்லாருக்கும் புரிய வச்சாரு. 'எம் பொண்ணு சாப்புடுது, பாத்துக்கோ'ன்னு என்னைக் காட்டித்தான் பேசினாரு. இப்ப நான் ஒண்ணுகூட முழுங்கலன்னு எப்டி சொல்லுவேன்?"

மூணு விழுங்கினாய் என்றேன்.

"ஆமா. பெரிய கணக்கு" என்றாள். பிறகு, "ஊசிதானே. மரத்துப்போக மருந்து குடுப்பாங்களாம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அப்பவே சத்தியம் பண்ணியிருக்கே லீடர், ஞாபகம் வச்சுக்கோ" என்றாள்.

கண்ணை மூடினால் அவள் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறாள். நாக்கின் மேல் மாத்திரை இருக்கிறது. நான் டிக் போடுகிறேன். மறுபடி திறக்கிறாள், இருக்கிறது, டிக் போடுகிறேன். அவள் பின்னால் வரிசை. ஏ பிரிவு, மற்ற பள்ளிகள், சரிதா அக்காவின் பதினான்கு ஆராய்ச்சிப் பெண்கள். வரிசை ஜிஎஸ்டி ரோடு வரை நிற்கிறது.

ஜனவரி 28, புதன்

மறுபடி எண்கள் வாசிக்க அக்கா கூப்பிட்டார். பக்க விளைவுகள் என்று ஒரு பட்டியல். பதினோராவது ஆராய்ச்சியில், கறுப்பாகப் போகிறது என்று சொன்னவர்கள் முதல் மாதம் இருநூற்றுப் பதினாறு பேர். நான்காவது மாதம் எழுபது. கடைசி மாதம் பத்தொன்பது.

"உடம்பு பழகிடுச்சுன்னு எழுதியிருக்காங்க" என்றார் அக்கா.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கறுப்பா போறது பழகுமா அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினார். "பழகாது" என்றார். "வயித்தெரிச்சல் பழகும். நிறம் எப்படிப் பழகும்? இரும்பு உள்ள போனா கறுப்பாத்தான் வரணும்." திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ எந்த ஸ்கூல்னு சொன்னே?"

அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடி வந்தேன். அம்மா கூப்பிடவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

இன்னும் நான்கு நாள். கணக்கு நோட்டில் மிஸ் டிக் போட்டார். பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கூட்டம், அம்மா மூன்று மணிக்கு மேல்தான் வருவாள். அப்பா மீன் வண்டியோடு கோவளத்தில். பாட்டிலை இறக்கினேன். மாடி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் அது கலகலவென்றது. மூன்றாம் படியில் உட்கார்ந்து துப்பட்டாவைப் பாட்டில் மேல் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

அக்கா கதவைத் திறந்தார். பாட்டிலை நீட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு பழைய துரு வாசனை. செய்தித்தாள் விரித்துக் கொட்டினார். திட்டுவார் என்று நின்றிருந்தேன். தரையில் உட்கார்ந்து பத்துப் பத்தாக எண்ண ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை, தனித்தனியாக. இருவருக்கும் நானூற்று முப்பத்தேழு வந்தது.

"என் ஸ்கூலால அந்த வட்டம் போயிடுமா அக்கா?"

"உன் ஸ்கூல் மட்டும்னா பரவாயில்ல பாப்பா. ஆறு ஸ்கூல்லயும் தொண்ணூத்தெட்டு இருக்கு. ஆறுலயும் கறுப்பு குறைஞ்சிருக்கு. நான் அதைப் பச்சைன்னு போட்டேன். ரெண்டு பேர் உக்காந்து பார்த்துப் போட்டோம்." அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பயந்த முகம். பெரியவர்களுக்கும் அது வருமா?

அப்போதுதான் குல்ஷனின் ஊசியைப் பற்றிச் சொன்னேன். அக்கா எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டார். "இதை ஏன்டி முதல்ல சொல்லல?"

ஜலால் அங்கிள் கடையில் இருந்தார். ஞாயிறு என்பதால் பாதி ஷட்டர். நான்தான் சொன்னேன். அக்கா சொல்லவில்லை, பக்கத்தில் மட்டும் நின்றார். நடுவில் அழுகை வந்து, "நான்தான் அங்கிள், நான்தான் போட்டேன், அவ முழுங்கவே இல்ல, நான்தான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

அவர் கையில் ஒரு மோட்டார் இருந்தது. கீழே வைக்கவில்லை. என்னிடம் இல்லாமல் அதனிடம் சொல்வது மாதிரி பேசினார். "ப்ளக்கே சொருகலியா. நான் மோட்டாரைப் பிரிக்க ஆள் கூட்டியாந்துட்டேனே."

அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஊசி இல்லை. டாக்டர் தள்ளி வைத்துவிட்டார். இரும்பு மாத்திரை தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஆன்ட்டி முன்னால். ஆறு வாரம் பார்ப்பார்களாம். அப்படியும் ஏறாவிட்டால் ஊசிதான்.

ஏறாவிட்டால்? என் டிக் பொய், ஆனால் நோயும் நிஜம் என்றால்?

வகுப்பில் குல்ஷன் இடம் மாறி ரூக்சார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 16, திங்கள்

சரிதா அக்கா அந்த ஆராய்ச்சி செய்தவர்களுக்குக் கடிதம் அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது. பதில் இல்லை. பதில் வரும்வரை பச்சையை எடுத்துவிட்டு மஞ்சள் போட்டிருக்கிறார். ஒரு பாட்டிலை வைத்துச் சிவப்பு போட முடியாதாம். "பாட்டில்லயும் யாராவது பொய் சொல்லலாம் இல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் அப்படிக் கேட்காமல் விட்டதால்தானே என் டிக் அவ்வளவு தூரம் போயிற்று.

பக்தவச்சலம் சாருக்கும் விஷயம் போய்விட்டது. லேபில் தனியாகக் கூப்பிட்டார். டிசி என்று நினைத்தேன். சோதனைக்குழாய்களைத் துடைத்துக்கொண்டே, "காலி வேணாம்னு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது சார் என்றேன். "எனக்கும் இருக்கு. கேட்டாங்கன்னா நானே சொல்றேன்" என்றார். போ என்று கை காட்டினார்.

இன்னும் ஐந்து பள்ளிகள். அங்கேயும் லீடர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் எங்கே எடுத்துப் போனார்கள்? அவர்கள் வீட்டு லாஃப்டிலும் ஏதாவது இருக்கிறதா? இந்த நேரத்தில் அவர்களும் விழித்திருக்கிறார்களா?

பிப்ரவரி 24, செவ்வாய்

எங்கள் லாஃப்ட் காலிதான். ஆனாலும் கலகலவென்று கேட்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

குல்ஷன் வீட்டில் எல்லோருக்கும் நோன்பு. அவளுக்கு மட்டும் இந்த வருஷம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நேற்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி இரண்டு இருந்தது, இப்போது ஒன்பது புள்ளி ஒன்று. ஆன்ட்டி அம்மாவுக்குப் போன் செய்து சொன்னார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, செவுளைப் பாத்தா தெரியாதா" என்று அம்மா பெருமையடித்துக்கொண்டாள். அவளுக்கு நடந்தது முழுக்கத் தெரியாது. தெரிய வேண்டும். ஞாயிறு சொல்வேன்.

சாயங்காலம் கதவு தட்டியது. குல்ஷன். கையில் தூக்கு. "நோன்புக் கஞ்சி. அத்தா குடுத்துட்டு வரச் சொன்னாரு. உனக்குன்னு சொன்னாரு" என்றாள். தூக்கு சுட்டது. வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு மாதத்துக்கு மேலாக அவள் என்னோடு பேசவில்லை.

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். அம்மா உள்ளே இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"லீடர். முப்பத்தஞ்சு நாளா தெனம் கறுப்புதான்."

"ச்சீ, போடி."

"தார் ரோடுடி. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.